சட்டையைப் பிடித்து உட்கார வைக்கும் வேலை

மதிப்பிற்குரிய மச்சான் அன்பழகன் அவர்களுக்கு, சங்ககிரியிலிருந்து சென்றாயன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் கயல்விழியும் மூன்று லாரிகளும் நலம். அங்கே வாழப்பாடியில் நீங்களும் அக்காவும் மரவள்ளிக் காடும் நலமாயிருக்கக் குலசாமி துணை நிற்கட்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரலைக் கேட்டதும் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதி, ஆத்தூருக்கு லோடு ஏற்றிப் போகும் நம் டிரைவர் கதிரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை அவனுக்கு ஒரு டீ கொடுக்கவும்.

நீங்கள் பார்த்துக் கொண்டுவந்த திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர் வீட்டுச் சம்பந்தம் பெரிய சம்பந்தம், நான் இல்லையென்று சொல்லவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி ஆறிப்போகிற வரைக்கும் நம் வீட்டில் உட்கார்ந்திருந்ததும், பெண்ணைக் காணோமென்று கூட்டிவரப் போன நானும் திரும்பாததும் உங்கள் முகத்தில் கரி பூசிய மாதிரிதான். ஆனால் நடந்ததைக் கேளுங்கள். சனிக்கிழமை நடக்க வேண்டிய பாஸ்கெட்பால் பைனல் மழையால், அவர்கள் பெண் பார்க்க வருகிற அதே ஞாயிற்றுக்கிழமை காலைக்குத் தள்ளிப்போனது. "மேட்ச் முடிஞ்சதும் வந்துருவேனுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் கயல் நாமக்கல்லுக்குப் போனாள். கல்லூரியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, முழங்கால் போனபிறகு அதே கல்லூரியில் அசிஸ்டென்ட் கோச்சாக இருப்பது உங்களுக்குத் தெரியும். நம் தொழிலில் அசிஸ்டென்ட் என்றால் கிளீனர்தானே மச்சான்? கண்ணாடி துடைப்பான், டயரைத் தட்டிப் பார்ப்பான். இவள் அங்கே பந்தைத் துடைக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் மாப்பிள்ளை வீட்டாரிடம் நீங்கள் "மெயின் கோச்சே நம்ம கயலுதானுங்க" என்று அடித்துவிட்டபோது வாயை மூடிக்கொண்டேன். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா முத்தாயம்மாள் சொன்னதற்கும் தலையாட்டினேன். பந்து துடைக்கிற வேலைதானே, போனால் போகட்டும் என்றுதான்.

மைதானத்துக்குள் போனால் ஆட்டம் தாமதமாகத் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நம் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? மெயின் கோச் ஜெயபிரகாஷ் சாருக்குப் பின்னால் நின்றுகொண்டு அவருடைய சட்டையைப் பின்பக்கம் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் நடுவரைப் பார்த்துக் கத்தப் பாய்வார், இவள் இழுத்து உட்கார வைப்பாள். மறுபடி பாய்வார், மறுபடி இழுப்பாள். எனக்கு ரத்தம் கொதித்தது. பட்டம் வாங்கின பெண்ணுக்கு இதுவா உத்தியோகம்? பக்கத்தில் இருந்தவர்தான் விளக்கினார். "அந்தாளு ஏற்கனவே ஒருக்கா கத்தி வாங்கிக் கட்டிக்கிட்டாருங்க. இன்னொருக்கா கத்துனா வெளிய அனுப்பிருவாங்க. அந்தப் புள்ள பிடிச்சிருக்கிறதாலதான் டீமே ஓடுதுங்க." அஞ்சு நிமிஷம் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று உட்கார்ந்தேன். உங்கள் தங்கை போனில் கூப்பிட்டபோதெல்லாம் "அஞ்சு நிமிஷம்" என்றேன். மூன்றாவது அஞ்சு நிமிஷத்தில் முத்தாயம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "பொண்ணு எங்க இருக்குதோ அங்கயே போயி பாத்துக்கறமுங்க" என்று மாப்பிள்ளை நந்தகுமாரையும் சொந்தபந்தத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு நேராக மைதானத்துக்கே வந்து இறங்கிவிட்டார்.

வந்தவர் சும்மா இருக்கக்கூடாதா? "ஏனுங்க, மெயின் கோச்சுன்னீங்க, பொண்ணு எந்த ஆம்பள சட்டையையோ பிடிச்சுட்டு நிக்குது?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார். கயல் திரும்பிப் பார்த்தாள். பிடி விட்டது. ஜெயபிரகாஷ் சார் நடுவர் மூக்குக்கு நேரே போய் என்னவோ சொல்ல, அவரைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். மச்சான், நீங்கள் சொன்ன பொய் அந்த நிமிஷத்தில் உண்மையாகிவிட்டது. நம் கயல்தான் மெயின் கோச்.

டீம் அப்போது நன்றாகப் பின்தங்கியிருந்தது. பிள்ளைகள் அழுகிற நிலையில் ஓடிவந்து அவளைச் சுற்றி நின்றார்கள். நான் கூட்டிப்போகத்தான் கிட்டே போனேன். "அப்பா, அந்தத் துண்ட இப்படிக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். கிளீனர் மாதிரி அங்கேயே நின்றுவிட்டேன். "ஆளுக்கொரு வாய் தண்ணி குடிங்க சாமி. அவங்க ஏழாம் நம்பர் களைச்சுட்டா, இனி எடதுகைப் பக்கமாத்தான் வருவா. அங்க ரெண்டு பேரு நில்லுங்க, போதும்" என்றாள். அவ்வளவுதான். ஏழாம் நம்பர் இடதுபக்கமாகவே வந்தாள் மச்சான். சொன்ன மாதிரியே வந்தாள். எனக்குச் சிலிர்த்துப் போனது. நான் பெற்ற பிள்ளைக்கு இதெல்லாம் எப்போது தெரிந்தது என்று வாயைப் பிளந்து நின்றேன். புள்ளி ஏற ஏற என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நடுவரைப் பார்த்து "யோவ்!" என்று கிளம்பினேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் உட்கார வைத்தாள். சங்ககிரியில் என் சட்டையைத் தொட யாருக்காவது தைரியம் உண்டா? "நீங்க எந்திரிச்சா புள்ளைங்க உங்களப் பாக்கறாங்க, பந்தப் பாக்கறதில்லீங்கப்பா" என்றாள். அதற்குப்பிறகு நான் எழுந்திருக்கவே இல்லை. அந்தப்பக்கம் முத்தாயம்மாளும் நடுவர்மேல் பாயப் பார்த்தார். மாப்பிள்ளைப் பையன் அவர் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தான்.

கடைசி நிமிஷம். இன்னும் ஒரு கூடை விழுந்தால் கோப்பை. நன்றாகப் போட்டுக்கொண்டிருந்த ரஞ்சிதாவைத் திடீரென்று வெளியே கூப்பிட்டுவிட்டாள்! மைதானமே இவளைத் திட்டியது. நானும் மனசுக்குள் திட்டினேன். "எனக்கு ஒண்ணுமில்லீங்க அக்கா, ஆடறேனுங்க" என்று அந்தப் பிள்ளை அழுதது. "நானும் அன்னைக்கு அதத்தான் சொன்னேன் சாமி" என்று கயல் கீழே உட்கார்ந்து, அவள் முழங்காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கால் வீங்கியிருந்ததை அங்கே வேறு யாருமே பார்க்கவில்லை. கயலின் முழங்கால் போன அன்று சேலம் ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தானே மச்சான் காரோட்டினீர்கள்? அது ஞாபகம் வந்து என் கண் நிறைந்துவிட்டது. ஒரே புள்ளியில் தோற்றோம். ஜெயித்தவர்களை யாரும் பார்க்கவில்லை, நானாவது பார்க்கவில்லை.

ஆகவே மச்சான், இந்தப் பெண்ணை வேலையை விடச் சொல்ல எனக்கு நாக்கு வராது. கோபமே வராத, பதறவே பதறாத இப்படியொரு பிள்ளை நம் வம்சத்தில் வேறு யாரும் இல்லை. தலைகீழாக நின்றாலும் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று திருச்செங்கோட்டுக்காரர்களிடம் பக்குவமாகச் சொல்லிவிடவும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் கோபத்துக்கும் என் மரியாதை.

இப்படிக்கு,
சென்றாயன்

பின்குறிப்பு: லோடு கிடைக்காமல் இந்தக் கடிதம் நாலு நாளாக வண்டியிலேயே கிடந்தது. அதற்குள் ஜெயபிரகாஷ் சாரை ஆட்டத்துக்கே வரக்கூடாது என்று நிறுத்திவைத்து, கயலை மெயின் கோச்சாகப் போட்டுவிட்டார்கள். நேற்று முதல் மேட்ச். பாதி ஆட்டம்கூட ஆகவில்லை, நடுவரைப் பார்த்துக் கத்தியதற்கு அவளையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே நானும் அவளும் நின்றோம். "அப்படி என்னத்தச் சொன்ன?" என்று கேட்டேன். "டோல்கேட்டுல நீங்க சொல்றதத்தானுங்கப்பா" என்றாள். சுவருக்கு மேலே எட்டி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பின்னால பிடிக்க ஆளில்லீங்கப்பா. அன்னைக்கு அவங்கம்மாவப் பிடிச்சு உக்கார வெச்சாரே, அவரு நம்பரு இருக்குதுங்களா?" என்றாள். முத்தாயம்மாளும் காலையில் கூப்பிட்டு அடுத்த மேட்ச் எப்போது என்று கேட்டார். வேலையை விடுகிற பேச்சே எடுக்கவில்லை. எனவே மேலே எழுதிய எதையும் அங்கே சொல்லிவிட வேண்டாம். கதிருக்கு இன்னொரு டீ கொடுத்து, பையனின் நம்பரை எழுதி அவன் கையிலேயே கொடுத்தனுப்பவும்.