இரண்டாவது தடவை கேட்காத ஆடிட்டர்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் முதல் தடவையே வாங்கிக்கொள்வதில்லை. காபியோ, கல்யாண வீட்டு லட்டோ, பஸ்ஸில் உட்கார இடமோ, யார் கொடுத்தாலும் ‘வேண்டாமுங்க’ என்றுதான் ஆரம்பிப்போம். கொடுப்பவர் விடமாட்டார். ‘இருக்கட்டுங்க’ என்போம். அவர் கையைப் பிடித்துத் திணிக்கும்போதுதான், ஏதோ அவருக்காகப் பெரிய மனது பண்ணுவதுபோல வாங்கிக்கொள்வோம். பொங்கலூர்ப் பக்கம் இதற்குப் பெயர் மரியாதை. இந்த மரியாதையால் என் படிப்பே போகப் பார்த்தது.

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த அறுபதுகள். பி.காம். முடித்துவிட்டு, சி.ஏ. படித்தே தீருவேன் என்று நின்றேன். அதற்கு ஓர் ஆடிட்டரிடம் சில வருஷம் ஆர்ட்டிகிள் கிளார்க்காக இருந்து வேலை பழகவேண்டும். சம்பளம் என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. அப்படியும் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்பாவுக்கு இதெல்லாம் பிடிபடவே இல்லை. (“ஊரான் கணக்க நீ எதுக்குடா பாக்கோணும்?”) கடைசியில் ஒரு முடிவு சொன்னார். ஆடி பிறப்பதற்குள் இடம் கிடைத்தால் படிக்கலாம், இல்லாவிட்டால் புத்தகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும். அப்போதே ஆனி பாதி போயிருந்தது.

திருப்பூரில் மெட்ராஸிலிருந்து வந்து தொழில் நடத்திய ஆடிட்டர் ஒருவரிடம் ஓர் இடம் காலியாக இருப்பதாகத் தெரிந்தது. கஞ்சி போட்டு விறைப்பாக நின்ற வெள்ளைச் சட்டையில் போய் நின்றேன். நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார், காபி சாப்பிடுகிறாயா என்றார். வெயிலில் நடந்து நாக்கு வறண்டிருந்தது. “வேண்டாமுங்க, இப்பத்தான் குடிச்சேன்” என்றேன். அவர் ஒரே ஒரு காபி வரவழைத்து, என் கண்ணெதிரிலேயே ஆற அமரக் குடித்தார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை.

மார்க்கைப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார், பதில்கள் பிடித்திருந்தன போலும். முகம் மலர்ந்து, “சரிப்பா, திங்கட்கிழமையே வந்து சேர்ந்துக்கறயா?” என்றார்.

எனக்குள் மேளம் கொட்டியது. ஆனால் வாய் தன் வழக்கப்படி வேலை செய்தது. “இருக்கட்டுங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?”

அவர் என் சர்ட்டிபிகேட்டுகளை மேசைமேல் வைத்தார். “வேற எங்கேயாவது சேர்ந்துட்டியா?”

“அப்படியெல்லாம் இல்லீங்க.”

“சரி, உன் இஷ்டம்” என்று என் சர்ட்டிபிகேட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குத் துளிக்கூடக் கவலையில்லை. முதல் தடவை கேட்டாயிற்று, இனிமேல் கூப்பிட்டு இரண்டாவது தடவை கேட்பார், மூன்றாவது தடவை தலையாட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். சற்று நேரத்தில் கரூர்ப் பையன் ஒருவன் உள்ளே போனான். சிரித்துக்கொண்டே வெளியே வந்து, திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார் என்றான். நானும் கைகுலுக்கி வாழ்த்தினேன். (அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று இருக்கும் என்று நினைத்தேன்.)

சாயங்காலம் ஆபீஸைப் பூட்ட வந்த ஆடிட்டர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“ஏம்ப்பா, நீ இன்னும் போகலையா? நீதான் வேண்டாம்னுட்டியே?”

“நீங்க திருப்பிக் கேப்பீங்கன்னு உக்காந்திருந்தேனுங்க.”

சாவியைக் கையில் வைத்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊர் வழக்கத்தைத் தட்டுத்தடுமாறி விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை முட்டியது. அவர் சிரிக்கவில்லை. இருந்த ஒரு இடத்தையும் அந்தப் பையனுக்குக் கொடுத்துவிட்டதாகவும், வாக்கை மாற்ற முடியாதென்றும் சொன்னார். பிறகு, “கோயமுத்தூர்ல என் சிநேகிதர் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட சொல்லி வைக்கிறேன். ஆனா ஒண்ணு, அவரும் ஒரே தடவைதான் கேப்பார்” என்றார்.

“உங்களுக்கு எதுக்...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, “சரிங்க” என்றேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் விளக்குமாறு பறக்கும் என்று பயந்தேன். அப்பாவோ என் பக்கம் சாய்ந்துவிட்டார். “நீ சொன்னது செரிதான். அந்தாளு ஒரு தடவையோட உட்டதுதான் தப்பு” என்று கோயமுத்தூர் போகச் சம்மதித்தார். அங்கே அந்தச் சிநேகிதர் “உட்கார்” என்று சொல்லி முடிப்பதற்குள், “சேர்ந்துக்கறேனுங்க” என்று சொல்லிவிட்டேன். சேர்ந்தேன், பாஸ் செய்தேன், ஆடிட்டரும் ஆனேன்.

இப்போது யோசித்துப் பார்த்தால் அந்த ‘வேண்டாமுங்க’ அடக்கமே இல்லை என்று தோன்றுகிறது. வேண்டும் என்று சொல்லிவிட்டால் நம் ஏக்கம் வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம்தான். கொடுப்பவர் மனதாரத்தான் கொடுக்கிறாரா என்று சோதித்துப் பார்க்கும் ஆசையும் அதில் உண்டு. அன்று அந்தப் பெஞ்சில் எனக்கு வலித்தது இடம் போனது மட்டுமல்ல. உயிரைவிட அதிகமாக விரும்பிய ஒன்றை விரும்புகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையே என்பதுதான்.

அந்தச் சூடு அதோடு ஆறவில்லை. ஆடிட்டரான பிறகு குண்டடத்துக்கு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். ஊருக்குப் போய்ச் சேதி சொல்லி அனுப்புகிறோம் என்பதுதான் மாப்பிள்ளை வீட்டார் பேசும் பேச்சு. பெண்ணின் அப்பா, “மாப்பிள்ளைக்குப் புடிச்சிருக்குதுங்களா?” என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள், கூடம் முழுக்கக் கேட்கும்படி நான் சொன்னேன்: “வேணுமுங்க.”

கூடமே கொல்லென்று சிரித்தது. அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது.

இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காபியை வேண்டாமென்றால், என் மனைவி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு என்னைக் காட்டிச் சொல்வாள்: “அந்த மெட்ராஸ்காரரு மட்டும் இன்னொரு தடவை கேட்டிருந்தாருன்னா, இவரு எங்க ஊட்டுலயும் ‘இருக்கட்டுங்க’ன்னு சொல்லிப்போட்டு வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பாருங்க.”