கொலுப்படியில் கியர் பாக்ஸ்

உலகத்தில் 'பிரித்துப் பார்ப்பவர்' என்றொரு இனம் உண்டு. இதற்கு ஊர், மொழி, வயது என்ற பேதமெல்லாம் கிடையாது. ஆனால் தாம்பரத்துக்குத் தெற்கே பென்ஷன் வாங்கிக்கொண்டு, வீட்டோடு ஒரு கார் ஷெட்டும் கையில் ஒரு ஸ்மார்ட்போனும் வைத்திருப்பவர்களிடையே கொஞ்சம் செழிப்பாகவே விளைகிறது. அடையாளம் காண்பது சுலபம். வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போனால் மற்ற எல்லோர் முகமும் சுருங்கும். இவர் முகம் மட்டும் மலரும். கடிகாரம் நின்றால் மலரும். ஃபேன் முனகினால் மலரும். "இதுல என்ன இருக்கு?" என்பார். அது கேள்வி இல்லை ஐயா, போர் முழக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரிந்தால் திறப்பாரா?

இரும்புலியூர் சுப்ரமணியனையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருஷம் மற்றவர்கள் எழுதிய குறிப்புகளுக்குக் கீழே 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற வருஷம் அவர் மனைவி காமு வேலைக்குக் கிளம்பினாள். கேட்டரிங். அக்கம்பக்கத்துச் சீமந்தத்துக்கும் ஆண்டு நிறைவுக்கும் புளியோதரையும் வடையும் அனுப்பத் தொடங்கி, சிறுகச் சிறுக வளர்ந்து, ஒரு பழைய குட்டி லாரியும் வாங்கிவிட்டாள். லாரிக்கு சுப்ரமணியனே டிரைவர்.

இந்த வருஷம்தான் காமுவுக்கு முதல் பெரிய ஆர்டர். வண்டலூரில் ஒரு தொழிற்சாலையில் ஆயுத பூஜைச் சாப்பாடு. முந்நூறு இலை, பதினோரு மணிக்குப் பந்தி. சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தத் தொழிற்சாலையின் கேன்டீனே அவளுக்கு. பிந்தினால், மறுபடியும் சீமந்தத்துப் புளியோதரைதான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை என்றாலும், ஒரு மாதமாகத் தூக்கத்தில்கூட அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்னால் லாரி இரண்டாவது கியரில் உறுமத் தொடங்கியது. சுப்ரமணியன் முகம் மலர்ந்தது.

ஜி.எஸ்.டி. ரோட்டு மெக்கானிக் பாலு வந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். "கியர் பாக்ஸ் உள்ள சிங்க்ரோ வளையம் தேஞ்சு கீது சார். எறக்கி மாட்றதுக்கு நாலு நாள் ஆவும். குட்த்துட்டுப் போ சார்" என்றான். நாலு நாளா? சுப்ரமணியன் முந்தைய இரவுதான் ஒரு வீடியோ பார்த்திருந்தார். அதில் ஒரு தாடிக்காரர் இதைவிடப் பெரிய லாரியின் கியர் பாக்ஸை இருபத்திரண்டு நிமிஷத்தில் பிரித்து, கழுவி, மாட்டிவிட்டுக் காபியும் குடித்திருந்தார். நடுநடுவே அவருடைய சட்டை மாறியிருந்ததை சுப்ரமணியன் கவனிக்கவில்லை. மெக்கானிக்குகள் எல்லாம் நம்மைப் பயமுறுத்தியே பிழைக்கிறார்கள் என்றும், கியர் பாக்ஸைக் கண்டுபிடித்தவனும் நம்மைப் போல இரண்டு கை உள்ள மனுஷன்தானே என்றும் சொல்லிப் பாலுவை அனுப்பிவிட்டார். காமு உள்ளே போய் யாருக்கோ போன் செய்தாள்.

பிறகு என்ன, யுத்தகாண்டம்தான். தண்ணீர் கேன் போட வந்த இரண்டு பேரைப் பிடித்துக் கியர் பாக்ஸைப் பழைய ஜமக்காளத்தில் வைத்து ஹாலுக்குத் தூக்கி வந்தார். வீடெங்கும் கியர் ஆயிலின் அழுகின முட்டை நாற்றம். பல்சக்கரத்தை அச்சில் பிடித்து வைத்திருக்கும் வளைந்த கம்பி ஒன்றை நெம்பினார். அது துள்ளிப் பறந்து, சுவர்க் கடிகாரத்தில் பட்டு, எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தேடவே அரை நாள். வெறுமே பிரித்து முடிக்க அவருக்கு நாலு நாள் ஆயிற்று. பாலுவுக்கு மாட்டியும் தர அதே நாலு நாள்தான், ஆனால் அதை நாம் ஏன் சொல்லிக்காட்ட வேண்டும்?

கழற்றிய வரிசை தப்பக் கூடாது, தப்பினால் திரும்ப மாட்ட முடியாது. தாடிக்காரர் இதை மூன்று முறை சொல்லியிருந்தார். வரிசையாக வைக்க இடம் வேண்டுமே? ஹாலில் காமு கொலுவுக்காக ஏழு படி கட்டி, வெள்ளை வேட்டி விரித்து வைத்திருந்தாள். பகவானாகப் பார்த்துக் கொடுத்த அலமாரி. மேல்படி இடது கோடியிலிருந்து கீழ்ப்படி வலது கோடி வரை, பேப்பர் போட்டு, அச்சும் சக்கரமும் வளையமும் பேரிங்குமாக அடுக்கிவிட்டார்.

அமாவாசை சாயங்காலம் காமு பொம்மைப் பெட்டியோடு வந்து நின்றாள். இன்றைக்கு வீடு இரண்டாகப் போகிறது என்று சுப்ரமணியன் சமையலறைப் பக்கம் நழுவினார். காமு ஒரு நிமிஷம் படிகளையே பார்த்தாள். பிறகு நிதானமாகப் பொம்மைகளை இடைவெளிகளில் வைக்க ஆரம்பித்தாள். பெரிய அச்சுக்கு இருபுறமும் மரப்பாச்சி. செட்டியார் தன் அரிசி, பருப்போடு இரண்டு பேரிங்குகளையும் விற்பனைக்கு வைத்துக்கொண்டார். தசாவதாரத்தில் கூர்மத்துக்கும் வராகத்துக்கும் நடுவே ரிவர்ஸ் கியர். முடித்துவிட்டு ஒவ்வொரு பல்சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். சுப்ரமணியனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்ப்பாள்?

மறுநாள் கலசம் வைத்து ஆரத்தி எடுத்தாயிற்று. சுப்ரமணியன் கடையில் வாங்கி வந்த புது வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்ப்படியை நோக்கிக் குனிந்தார்.

"தொடாதீங்கோ" என்றாள் காமு. "ஆரத்தி எடுத்தாச்சு. இனிமே பத்தாம் நாள் ராத்திரிதான் கலைக்கலாம்."

அவர் விரல் விட்டு எண்ணினார். ஆயுத பூஜை ஒன்பதாம் நாள்.

"உன் ஆர்டர் என்ன ஆறது, காமு?"

"அம்பாள் பார்த்துப்பா."

இனி அவர் பட்ட பாடு இருக்கிறதே! பல்சக்கரம் பொம்மையாகாது என்று வாதாடினார். குங்குமம் வைத்தாயிற்றே என்று பதில் வந்தது. மேற்குத் தாம்பரம் சாஸ்திரிகளுக்குப் போன் செய்தார். நாற்பது வருஷத்தில் கியர் பாக்ஸைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை என்று அவர் மலைத்துப் போய், எதுவானாலும் படியேறிவிட்டால் அது கொலுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ராத்திரியெல்லாம் சுப்ரமணியனுக்கு முந்நூறு வெறும் இலை கண்ணில் ஆடியது. பாவம், நிஜமாகவே பயந்தார்.

ஆனால் இந்த இனத்தின் பயம் சாயங்காலம் வரைதான் தாங்கும். சாயங்காலமானால் கொலுவுக்கு ஆள் வருவார்களே. அடுத்த தெரு ரத்தினபாய் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து, "இந்த வருஷம் தீம் என்ன, மெஷினரியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவர் கையில் ஒரு குச்சி ஏறியது. ஐந்தாம் நாள், சுண்டல் வேண்டுமானால் முதல் கியர் எப்படி விழுகிறது என்பதைக் கேட்டாக வேண்டும் என்ற நிலை. ஏழாம் நாள் காலனிக்காரர்கள் 'புதுமைக் கொலு' என்று முதல் பரிசு கொடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் விடிந்தது. கொல்லையில் சாம்பார் அண்டா ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவியல், வடை, பாயசம் எல்லாம் தயார். ஷெட்டில் வயிறு காலியான லாரி. சுப்ரமணியனுக்குப் பொறுக்கவில்லை. சாஸ்திரமாவது ஒன்றாவது, இவளுடைய உழைப்பு வீணாகலாமா? குளித்து, நமஸ்காரம் பண்ணி, அம்பாளிடம் மன்னிப்புக் கேட்டு, மேல்படி அச்சின் மேல் கையை வைத்தார்.

வாசலில் ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தால், வேறொரு லாரி. பாலுவும் அவன் ஆட்களும் அண்டாக்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இது யார் வண்டி?"

"பாலுவோட மச்சான் வண்டி. சொல்லி வெச்சிருந்தேன்."

"எப்போ சொன்னே?"

"அன்னிக்கு பாலுவைத் திருப்பி அனுப்பினேளே, அப்பவே."

"அப்போ, கலைக்கக் கூடாதுன்னு சொன்னது?"

காமு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "கலைச்சா நீங்க மாட்டிடுவேள். மாட்டிட்டா என்னை அதுல ஏறச் சொல்லுவேள். உங்களுக்கு மனசு நோகக் கூடாதேன்னு நானும் ஏறிடுவேன். முந்நூறு பேர் பசியோட காத்துண்டிருப்பா" என்றாள். பாலு வேறு பக்கம் திரும்பி, நன்றாக இருந்த டயரை உதைத்துப் பார்த்தான்.

லாரி போய்விட்டது. பந்தி அமோகம், கேன்டீனும் கிடைத்தது. அதில் குறை ஒன்றும் இல்லை. சுப்ரமணியன் மட்டும் கொலு முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்த பதினைந்து நாளும் சட்னி தட்டுக்கு வந்தது. மோட்டாரைப் பிரித்திருந்த வாரமும் வாளியில் தண்ணீர் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது கேட்டோமா? வலிக்கத்தான் செய்தது அவருக்கு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஆள் படிப்படியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, 'கழற்றும்போதே ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்திருந்தால் போதுமே, நானாக இருந்தால் இரண்டே நாளில் மாட்டியிருப்பேன்' என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா?

தோன்றியிருந்தால் கவலைப்படாதீர்கள். உங்கள் வீட்டிலும் வேறு வண்டிக்குச் சொல்லி வைத்திருப்பார்கள்.