கலெக்டர் விட்ட லீவு கோர்ட்டுக்குத் தெரியுமா?

படாளம்,
மார்கழி 25

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. சுப்பிரமணி அவர்களின் சமூகத்திற்கு,

படாளம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தர்மராஜ் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி விஜயகுமாரியும் மகள் பிரதீபாவும் சௌக்கியம். மழை விட்டதால் வயலும் சௌக்கியம், கொசு பரம சௌக்கியம். கடப்பாக்கத்தில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை தமிழ்வாணனும், தங்கள் ஹார்டுவேர் கடையும், நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் விஷயத்தை எடுக்கும்போது என் வாய் வேறு பக்கம் போய்விடுகிறது. நீங்கள் "ஹலோ, லைன்ல இருக்கீங்களா" என்பீர்கள், நான் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். நான்கு முறை இப்படி ஆகிவிட்டது. நான்கு முறையும் தாங்கள் பொறுமையாகச் சாப்பிட்டாயிற்று என்று சொன்னீர்கள்.

எங்கள் மேல் ஒரு கேஸ் நடப்பது தங்கள் காதுக்கு எட்டியிருக்கும். கூட்ரோடு முனை டீக்கடையில் தெரியும், சலூனில் தெரியும், மதுராந்தகம் போகிற டவுன் பஸ் கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே "இன்னா சார், கேஸு இன்னா ஆச்சு" என்று கேட்கிறார். இவ்வளவு பேருக்குத் தெரிந்தது கடப்பாக்கம் வரை வராமலா இருக்கும். தெரிந்தும் தாங்கள் பெரிய மனிதராக ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கிறீர்கள். அந்தப் பெருந்தன்மைதான் ஒரு மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஆகையால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். படிக்கும்போது தங்களுக்குப் படபடப்பு வரக்கூடாது என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று கோர்ட்டில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தை இருபதாம் தேதி பேசியபடியே எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடக்கும்.

எங்கள் வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு வர ஒரே பாதைதான். அது பக்கத்து வீட்டு எல்லம்மாளின் மாட்டுக்கொட்டகையை ஒட்டிப் போகிறது. அந்த முகூர்த்தத்துக்கு மண்டபம் எதுவும் கிடைக்காமல் வாசலிலேயே கல்யாணம் என்று நாம் பேசி முடித்தோமே, அந்த உற்சாகத்தில் நான் மறுவாரமே நாலு லோடு கிராவல் அடித்து, பாதையை ஒரு அடி உயர்த்தி, மேலே சிமெண்டும் போட்டுவிட்டேன். எல்லம்மாளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கு நல்லதுதானே, அவளுக்கும் தெரியாதா என்ற நினைப்பு. முதல் மழையிலேயே பாதைத் தண்ணீர் முழுக்க அவள் கொட்டகைக்குள் போய், மாடு படுக்க இடமில்லாமல் இரண்டு நாள் நின்றுகொண்டே இருந்தது. எல்லம்மாள் வாசலில் வந்து நின்றுகொண்டு, "வாத்தியாரே, இன்னா நெனச்சிக்கினு கீற நீ? உன் வூட்டுக் கல்யாணத்துக்கு எம்மாடு நீச்சல் கத்துக்கணுமா?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வது இயற்கை என்று ஐந்தாம் வகுப்புப் பாடம் நடத்தினேன். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டு, நேராகப் போய்க் கேஸ் போட்டுவிட்டாள். பாதை அவள் பட்டாவில் இருக்கிறதாம், நாங்கள் அதில் காலே வைக்கக் கூடாதாம்.

பாதை போனால் எங்களுக்கு மிச்சம் இருப்பது வீட்டுக்குப் பின்னால் போகும் வயல் வரப்பு. என் மனைவியே அதில் இரண்டு முறை வழுக்கி விழுந்திருக்கிறாள். அதன் மேல் மாப்பிள்ளை அழைப்பு எப்படி நடத்துவது, சமையல்காரர் அண்டாவை எப்படிக் கொண்டுவருவது, நாதஸ்வரக்காரர் ஊதுவாரா காலைப் பார்ப்பாரா, இப்படியெல்லாம் யோசித்து யோசித்து ராத்திரி வாசலிலேயே நடந்துகொண்டிருந்தேன். பெண் வீட்டுக்குப் போக வழியே இல்லை என்று தங்கள் உறவில் ஒருவர் சொல்லிவிட்டால் என் பெண்ணின் கதி என்ன ஆவது? அவள் பாட்டுக்குப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகை பதினாறாம் தேதி நான் மதுராந்தகம் கோர்ட்டில் நிற்க வேண்டிய நாள். வக்கீல் எதற்கு, முப்பத்தோரு வருஷம் தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் பேசாத பேச்சா என்று நானே வாதாடுவதாக இருந்தேன். சட்டை இஸ்திரி போட்டுத் தயார். முதல் நாளிலிருந்து கொட்டு கொட்டென்று மழை. காலை ஆறு மணிக்கு டிவியைப் போட்டால், கனமழை காரணமாகச் செங்கல்பட்டு மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை என்று கீழே எழுத்து ஓடுகிறது. சம்பந்தி, தாங்கள் வியாபாரி, தங்களுக்கு இது புரியாது. கலெக்டர் லீவு விட்டால் உலகமே லீவு என்று என் உடம்பு பழகிவிட்டது. ரிடையர் ஆகி நாலு வருஷம் ஆகியும் அந்த எழுத்து ஓடினால் கை தானாகப் போர்வையை இழுக்கிறது. விஜயகுமாரி அப்போதே கேட்டாள், "இஸ்கூலுக்குத்தான லீவு வுட்டுக்கீறாங்க, கோர்ட்டுக்குமா?" என்று. பிள்ளைகளுக்கே லீவு என்றால் ஜட்ஜுக்கு இருக்காதா என்று சொல்லிவிட்டு, வெங்காய பஜ்ஜி போடச் சொல்லிப் படுத்துவிட்டேன். பஜ்ஜி நன்றாகத்தான் இருந்தது.

நாலு நாள் கழித்துக் காலையில் பால் வாங்கக் கிளம்பினால் பாதையின் குறுக்கே ஒரு மூங்கில் கட்டியிருக்கிறது. மூங்கிலில் பிளாஸ்டிக் கவருக்குள் தீர்ப்பின் ஜெராக்ஸ் தொங்குகிறது. நான் வராததால் ஒருதலையாகத் தீர்ப்பாகி, பாதை எல்லம்மாளுடையது என்று எழுதியிருந்தது. லுங்கியோடு நின்று மூன்று முறை படித்தேன். அன்று பால் வாங்க வரப்பு வழியாகத்தான் போனேன், போகும்போதே ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டது.

அதன் பிறகுதான் வக்கீல் பிரபாவதி அம்மாவிடம் ஓடினேன். அவர்கள் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, தீர்ப்பை ரத்து செய்ய முப்பது நாளைக்குள் மனுப் போடலாம், ஆனால் வராததற்குச் சரியான காரணம் காட்ட வேண்டும் என்றார்கள். காரணமா, மாவட்டத்துக்கே லீவு, உலகத்துக்கே தெரியுமே என்றேன். அப்போதுதான் ஒரு சட்டத்தை விளக்கினார்கள். சில விஷயங்களுக்குச் சாட்சி வேண்டாமாம், கோர்ட் தானாகவே தெரிந்ததாக எடுத்துக்கொள்ளுமாம். நாட்டில் என்ன சட்டம் அமலில் இருக்கிறது, வருஷத்தில் எத்தனை மாதம், கெஜட்டில் போட்ட பண்டிகை லீவு எது, கடலில் கப்பல் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், இப்படி. ரோட்டில் இடது பக்கம் போக வேண்டும் என்பதும் அதில் உண்டாம். எங்கள் ஊர் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் கோர்ட்டுக்காவது தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அன்று ராத்திரி வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கோர்ட் தானாகவே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் என்று நாற்பத்து மூன்றை நோட்டில் எழுதி, மறுநாள் அவர்களிடம் கொண்டு போனேன். கார்த்திகையில் மழை பெய்யும் என்பது முதலாவது. தர்மராஜ் நாணயமானவர் என்பது ஏழாவது. எல்லம்மாள் சண்டைக்காரி என்பது எட்டிலிருந்து பதினைந்து வரை. பிரபாவதி அம்மா சிவப்புப் பேனாவை எடுத்து முக்கால்வாசியை அடித்துவிட்டு, "சார், இது உங்களுக்குத் தெரியும், உங்க தெருவுக்குத் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியாது" என்றார்கள். முப்பத்தோரு வருஷம் மற்றவர் நோட்டில் சிவப்புப் பேனா பிடித்தவனுக்கு அது புது அனுபவம்.

நேற்றுதான் மனு விசாரணை. கோர்ட் நிறையக் கூட்டம். எல்லம்மாள் முதல் பெஞ்சில், தலைக்குப் பூ வைத்துக்கொண்டு. எங்கள் வக்கீல் எழுந்து, அன்றைக்கு மழை விடுமுறை விட்டதைக் கோர்ட் தானாகவே கவனத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஜட்ஜ் ஐயா கண்ணாடியைக் கழற்றி, "லீவு பள்ளிக்கூடத்துக்குத்தானே? கெஜட்டில் வந்த பொது விடுமுறையா அது?" என்று கேட்டார். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன செய்தித்தாளை வக்கீல் அம்மாவை நீட்டச் சொன்னேன். பேப்பரில் வந்ததெல்லாம் ஆதாரம் ஆகாது என்று அதையும் திருப்பிவிட்டார். கோர்ட்டை ஒன்றைத் தெரிந்துகொள்ளச் சொன்னால் அதற்குரிய புத்தகமோ ஆவணமோ கொண்டுவந்து காட்டச் சொல்லவும் கோர்ட்டுக்கு உரிமை உண்டாம். அப்புறம் என்னைக் கூண்டில் ஏறச் சொன்னார். "அன்னைக்கு வர முயற்சி பண்ணீங்களா? எங்கே தடங்கல் ஆச்சு?" என்றார். ஏரித் தண்ணீர் வழியை மறித்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. என் பெண்ணின் கல்யாணம் அந்த ஒரு வார்த்தையில் நிற்கிறது. ஆனால் உண்மையைத் தவிர வேறில்லை என்று அப்போதுதான் சொல்லிவிட்டு நிற்கிறேன். "இல்லைங்க ஐயா. லீவுன்னு நினைச்சு வீட்டிலேயே படுத்துட்டேன். பஜ்ஜி சாப்பிட்டேன்" என்றேன். கோர்ட்டே சிரித்தது. பிரபாவதி அம்மா சிரிக்கவில்லை. எல்லாம் போயிற்று என்று கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அந்த அம்மா லேசுப்பட்டவர்கள் இல்லை. "பேப்பர் வேண்டாம் ஐயா, கோர்ட் தன் சொந்த ரெக்கார்டைப் பார்க்கலாமே. அன்றைய தேதிக்கு இந்தக் கோர்ட்டின் டைரியைப் பார்க்க வேண்டுகிறேன்" என்றார்கள். ஜட்ஜ் தலையசைக்க, கிளார்க் ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்து புரட்டினார். அன்று பொறுப்பில் இருந்தது வேறு ஜட்ஜாம். இந்த ஜட்ஜ் ஐயா தானே அதைச் சத்தமாகப் படித்தார். கனமழை, காலை முதல் மின்சாரம் இல்லை, பேருந்துகள் ஓடாததால் ஊழியர்களில் மூவர் மட்டுமே வருகை, ஒரு வழக்கைத் தவிர மற்ற எல்லா வழக்குகளிலும் இரு தரப்பும் வராததால் ஒத்திவைப்பு என்று எழுதியிருந்தது. "அந்த ஒரு வழக்கு எது?" என்று ஜட்ஜ் கேட்டு முடிக்கவில்லை, எல்லம்மாள் எழுந்துவிட்டாள். "எங்கேஸுதான் சாமி! நான் ஒருத்திதான் வந்தேன். பஸ்ஸு ஏது, ரோடு ஏது, இடுப்பு மட்டும் தண்ணி. எம்புள்ள டிராக்டர்ல ஏத்திக்கினு வந்து வுட்டான். வேற ஒருத்தனும் வர முடில!" என்றாள். அவள் வக்கீல் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை, வழியில் எந்தெந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் என்று கையால் அளந்து காட்டினாள்.

ஜட்ஜ் ஐயா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இவர் கிளம்பியிருந்தாலும் வந்து சேர்ந்திருக்க முடியாது என்று கோர்ட் ரெக்கார்டே சொல்கிறது, உண்மையை ஒப்புக்கொண்டவரைக் கைவிடுவது நியாயமில்லை என்று சொல்லி, அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டார். வழக்கு முதலிலிருந்து நடக்கும், அதுவரை பாதையில் மூங்கில் கூடாது. சம்பந்தி, நான் கூண்டிலேயே அழுதுவிட்டேன். வெளியே மரத்தடியில் எல்லம்மாளிடம் போய், மாட்டுக்கொட்டகை விஷயத்தில் தப்பு என்னுடையது, நாளைக்கே வாய்க்கால் வெட்டித் தருகிறேன் என்றேன். "இத்த அன்னிக்கே சொல்லிக்கினு இருந்தா நான் ஏன் வாத்தியாரே கோர்ட்டுக்கு வரேன்?" என்றவள், தலைப்பூவைச் சரி செய்துகொண்டு, "பொண்ணு கண்ணாலத்துக்கு அண்டா குண்டா ஏத்தணும்னா சொல்லு, டிராக்டர் கீது" என்றாள். இன்று காலையிலிருந்து வாய்க்கால் வெட்டிக்கொண்டிருக்கிறேன். முதுகு போய்விட்டது, மனசு லேசாக இருக்கிறது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். மாப்பிள்ளைக்கு நூறு வயதும் நிறைந்த வாழ்வும் கிடைக்க எங்கள் குலதெய்வம் துணை நிற்கட்டும். தங்கள் கடை வாசலில் கூட்டம் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தம் நிலைத்த மகிழ்ச்சியில்,
வீ. தர்மராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் விஜயகுமாரி வந்து, "இப்பத்தான் சம்பந்தியம்மாகிட்ட அரை மணி நேரம் பேசினேன். கேஸப் பத்தி அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க எழுதித்தான் தெரியணும். கிழிச்சிப் போடுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஊருக்குத் தெரிந்தது தங்களுக்கும் தெரியும் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். கிழிக்கப் போனபோது பிரதீபா கையிலிருந்து பிடுங்கி, முழுவதும் படித்துவிட்டு, "அனுப்புப்பா. உங்க மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். கேஸ் போட்ட அன்னிக்கே நான் சொல்லிட்டேன். நீ கவலப்படுவன்னு உங்கிட்டச் சொல்லல, அவங்கப்பா கவலப்படுவாருன்னு அவர் அங்க சொல்லல" என்றாள். மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டேன். "பாத வுடலன்னா இன்னா, வரப்பு மேல நடந்து வந்து தாலி கட்றேன்னாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கிழிப்பதை விட்டுவிட்டு இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். ஆகையால் மேலே எழுதியது எதையும் தாங்கள் மனதில் வைக்க வேண்டாம். மாப்பிள்ளையிடம் மட்டும், வரப்பு இன்னும் காயவில்லை, பாதை வழியாகவே வரச் சொன்னேன் என்று சொல்லுங்கள்.