தேதி கேட்ட கம்ப்யூட்டரும் வாசலோடு திரும்பிய அளியனும்

பாறசாலை,
18 ஜூலை 1996.

காட்டாக்கடை அளியன் வேலாயுதன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை விஜயம்மாவின் வீட்டுக்காரன் சதாசிவன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் விஜயம்மாவும் மகள் லேகாவும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். என் மேல் உள்ள கோபத்தில் தங்களுக்குப் பிரஷர் ஏறிவிடக் கூடாது என்பதும் என் வேண்டுதலில் சேர்த்தி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கையால் எழுதிய கடிதம். எழுத்து கோணலாக இருப்பதே சாட்சி. கம்ப்யூட்டர் வயரெல்லாம் பிடுங்கப்பட்டு, பழைய வேட்டி போர்த்தி மூலையில் கிடக்கிறது.

ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ரிட்டயரானவனுக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? நெய்யாற்றின்கரையில் மூடிப்போன ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அந்தப் பெட்டியை வாங்கி, புத்தகம் பார்த்து நானே ஒரு புரோகிராம் எழுதினேன். சொந்தக்காரர், கூட்டுக்காரர் எல்லோருடைய விலாசமும் உள்ளே உண்டு. மாதம் ஒருமுறை ஆளுக்கொரு கடிதம் அடித்துத் தள்ளும். தமிழ் எழுத்து அதற்குத் தெரியாது, அதனால் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். தாங்கள்கூட, ‘இதென்ன, மருந்துச் சீட்டா?’ என்று கேட்டீர்கள். கடைசி வரி என்றைக்கும் ஒன்றுதான்: ‘ஒருநாள் வீட்டுக்கு வரணும், சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.’ நம் பக்கத்தில் யார்தான் அப்படி எழுதாமல் கடிதம் முடிக்கிறோம்? யார்தான் அதை நம்பிக் கிளம்பி வருகிறோம்? ஆனால் ஆயுசு முழுக்கத் தேதி கேட்டே டிக்கெட் கொடுத்தவன் அல்லவா நான், புரோகிராமிலும் ‘எந்தத் தேதி?’ என்று ஒரு கேள்வி வைத்துத் தொலைத்தேன். பதில் சொல்லாமல் எண்டரை அமுக்கினால் ‘ஒருநாள்’ என்று அடிக்கும், தேதி கொடுத்தால் தேதியை அடிக்கும். நான் என்றைக்கும் வெறுமனே எண்டர்தான். இந்த மாதம் கரண்டு கண்ணடித்துக்கொண்டே இருந்ததா, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பெட்டிக்குக் கிறுக்குப் பிடித்து, ‘ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வரணும்’ என்று அத்தனை பேருக்கும் அடித்துவிட்டது. நானும் படித்துப் பார்க்காமல் மடித்துத் தபாலில் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக நிற்கிறேன், காரக்கோணத்து ரேஷன்கடை கனகதாஸ் குடும்பத்தோடு ஒரு பழக்குலையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். “இன்னும் குளிக்கேல்லியா? நாங்க நேரத்தே வந்துட்டமோ?” எதற்கு நேரத்தே என்று நான் யோசிப்பதற்குள் ஒரு ஜீப் நிறைய ஆள் வந்து இறங்குகிறது. அதில் பாதிப் பேரை நான் கல்யாண ஆல்பத்தில்தான் பார்த்திருக்கிறேன். என் பழைய கூட்டுக்காரர் பொழியூர் புஷ்பராஜ், மாதா கோயில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஒரு பெரிய நெய்மீனோடு வந்தார். அன்றைக்கு என் மானத்தைக் காத்தது அந்த மீன்தான். விஜயம்மா அரிசி களைந்தது மூன்று பேருக்கு! அடுத்த வீட்டு கிருபாபாய் கப்பைக்கிழங்கு அவித்த பானையை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்தார், நாற்காலிகளும் வந்தன. நாற்காலி வந்தவுடன் பார்க்கிறவர்களுக்கு விசேஷ வீடு மாதிரி ஆகிவிட்டது. ‘லேகாவுக்கு நிச்சயமாக்கும்’ என்று யாரோ சொல்ல, அந்தப் பேச்சு சமையல்கட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளைக்குக் கல்ஃபில் வேலையும் கிடைத்துவிட்டது. தலை துவட்டிக்கொண்டு வந்த பிள்ளையைப் பெண்களெல்லாம் வளைத்து, “மக்களே, பையன் எப்பிடி, நல்ல நெறமா?” என்று கேட்க, அவள் அழாத குறையாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தாங்கள் பஸ் இறங்கி வந்திருக்கிறீர்கள். வாசலில் நின்ற கனகதாஸிடம், “எந்தாக்கும் விசேஷம்?” என்று கேட்டீர்களாம். அந்த மகாபாவி, “லேகாவுக்கு நிச்சயம்லா! அம்மாவன் அறியேல்லியா?” என்றாராம். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டீர்களே அளியா!

தாய்மாமனான அம்மாவனை வெற்றிலை பாக்கோடு வீடு தேடி வந்து வாயால் விளித்து அழைக்காமல், ஊரோடு ஊராக ஒரு கடுதாசி போட்டு நிச்சயம் வைக்கிறவனா நான்? இதைச் சொல்ல இரண்டு தடவை காட்டாக்கடைக்கு வந்தேன். “அவரு இங்க இல்லியே” என்கிறார் அக்கா. உள்ளே தங்கள் இருமல் கேட்கிறது. அந்த இருமலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினேன். உண்மையான நிச்சயம் இனிமேல்தான். குழித்துறையில் இருந்து நல்ல சம்பந்தம் வந்திருக்கிறது, ஆவணியில் வைக்கலாம் என்கிறார்கள். ஆனால் லேகா, “அம்மாவன் வராம எனக்கு நிச்சயமும் வேண்டாம், மாப்பிளையும் வேண்டாம்” என்று ஒரே பிடியாக நிற்கிறாள். அவள் பிடித்தால் பிடித்ததுதான், தாங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை அல்லவா. எனக்குப் பயமாக இருக்கிறது அளியா.

பெட்டி செய்த பிழைக்கு நான் காலில் விழுகிறேன். பகவான் தங்களுக்குத் தீர்க்காயுசும், அதற்கு முன்பாகக் கொஞ்சம் இளகிய மனசும் தரட்டும். அக்காவுக்கு என் வணக்கம், கன்று போட்ட பசுவுக்கும் என் விசாரிப்பு. ஒருநாள் வீட்டுக்கு வரணும், சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.

இப்படிக்கு, தலைகுனிந்து நிற்கும்
சதாசிவன்.

பி.கு.: அண்ணா, இது விஜயம். கவர் ஒட்டச் சொல்லி என்கிட்ட தந்திருக்காரு. பெட்டிக்குக் கிறுக்கும் இல்ல, கரண்டுக்குக் குற்றமும் இல்ல. தேதி அடிச்சது நானாக்கும். இவரு டீ குடிக்கப் போன நேரம் அது ‘எந்தத் தேதி’ன்னு கேட்டுக்கிட்டுக் கெடந்தது. நீங்களும் ‘ஒருநாள் வாறேன், ஒருநாள் வாறேன்’னு எழுதுவிய, அம்மை செத்த பெறவு இந்தப் படி ஏறினது உண்டா? என்னைக்குன்னு ஆரும் கேக்கேல்ல, பெட்டி கேட்டுது, சொல்லிட்டேன். உங்களுக்கு மட்டும் போவும்னு நெனச்சேன், ஊருக்கே போவும்னு ஆரு கண்டா? ஆனா தேதி போட்டதும் பஸ் ஏறி வந்தியளே, அது போதும் எனக்கு. இவருகிட்ட சொல்லாண்டாம், பாவம். மேல இவரு எழுதின ‘ஒருநாள்’ நான் வெட்டியாச்சு. இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. வேற ஆரையும் விளிக்கேல்ல.