லாரியை விட்டு இறங்காத தேனீப்பெட்டிகள்

மதிப்பும் அன்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார், யாரையும் எழுதச் சொல்லாமல் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மனைவியும் சுகம். அங்கே நீங்களும், உங்கள் காலும், காலுக்குள் வைத்த கம்பியும் சுகமாக இருக்க வேண்டும். பூசணியின் சுகத்தைப் பிறகு சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீங்கள் பாதியிலேயே "அய்யோ மாமா" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. தவிர, எழுதப் படிக்கக் கற்ற பிறகு எழுதுவதற்கு இவ்வளவு பெரிய விஷயம் கிடைத்தது இதுதான் முதல் தடவை. மெதுவாகத்தான் எழுதுகிறேன். நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "வயல் பூரா பூசணிதான் மாமா, வேற பயிரே போடல. பூ விடறதுக்குள்ள தேனீ வரலன்னா ஒரு காய் நிக்காது. எந்தப் பெட்டின்னு நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்றீர்கள் அல்லவா, பெட்டி என்றால் பெட்டிதானே என்று போனேன். போய்ப் பார்த்தால் வாடகைக்கு வீடு பார்ப்பதைவிடச் சிக்கல். தேனடை கட்டுவதற்கு உள்ளே எட்டு மரச்சட்டம் வைத்த பெட்டி, பத்துச் சட்டம் வைத்த பெட்டி, வெயில் தாங்கும் தெர்மோகோல் பெட்டி என்று வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், காலியாக இருந்த ஒன்றில் தலையையும் விட்டுப் பார்த்தேன். பெட்டிக்காரர், "பெரியவரே, வாங்க வந்தீங்களா, குடிவர வந்தீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் சுவரில் ஒட்டியிருந்த பெரிய விளம்பரம் கண்ணில் பட்டது. எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். நான்கு பெட்டிகளை ஒரே மரத்தட்டில் பூட்டியது, பெரிய வயல்களுக்கு ஏற்றது, ஒரே ஆள் இறக்கிவிடலாம். ஒரே ஆள்! வாழ்நாள் முழுவதும் மூட்டை தூக்கிய எனக்கு, அந்த ஆள் யார் என்பதில் சந்தேகமே வரவில்லை. அதையே அனுப்பச் சொல்லிவிட்டேன். விளம்பரத்தில் ஒரு படமும் இருந்ததாம். எழுத்துத் தெரியாத காலத்தில் படத்தைத்தான் பார்ப்பேன். இப்போது படத்தைப் பார்ப்பது கௌரவக் குறைவாகத் தோன்றி விட்டுவிட்டேன்.

விடிவதற்குச் சற்று முன்னால் லாரி வந்து பூசணி வயலின் ஓரத்தில் நின்றது. லாரிக்காரத் தம்பி இறங்கி, "தூக்கற வண்டி எங்க பெரியவரே?" என்றார். "வண்டி எதுக்கு? ஒரே ஆள் போதும்னு எழுதியிருந்துச்சே" என்றேன். "போதும்தான். படத்துல அந்த ஆள் எது மேல உக்காந்திருந்தான்னு பாத்தீங்களா?" என்றார். நான் விடவில்லை. தட்டோடு அசைக்க முடியாவிட்டால் என்ன, ஒவ்வொரு பெட்டியாக இறக்குவோம் என்று ஒன்றின் கொக்கியைக் கழற்றி, நானும் அவருமாகத் தூக்கினோம். மாப்பிள்ளை, அந்தப் பெட்டிக்கு அடியே கிடையாது. மரத்தட்டுதான் அடிப்பலகை. இது விளம்பரத்தில் எழுதவில்லை. உள்ளே இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்தார்கள். தூக்கியதை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, தம்பி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு லாரிக்குள் உட்கார்ந்துவிட்டார். நான் வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் பொழுதும் விடிந்து, மற்றப் பெட்டிகளில் குடியிருந்த தேனீக்களும் வேலைக்குக் கிளம்பிவிட்டன.

உங்கள் மனைவி பெட்டிக்காரருக்குப் போன் போட்டாள். "வெளிய போன தேனீ லாரி நிக்கற இடத்தத்தான் வீடுன்னு மனசுல வச்சிருக்கும். வயலுக்குள்ளயே கொஞ்சம் நகத்தினாலும் பழைய இடத்துக்கே வந்து தேடும். பூ முடியற வரைக்கும் லாரி அங்கயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். தம்பி தலையில் கைவைத்துக்கொண்டார். "மாமியார் வீட்லகூட நான் ரெண்டு நாளைக்கு மேல தங்கினதில்லீங்க" என்றார். இப்போது நம் பம்பு அறையில்தான் தங்கியிருக்கிறார். நல்ல மனிதர், குறட்டைதான் கொஞ்சம் லாரிபோல.

ஆனால் என்ன அதிசயம் தெரியுமா? வாசல் கிழக்கே பார்த்த பெட்டிகள் வெயில் பட்டதும் வேலைக்குப் போய்விடுகின்றன. மேற்கே பார்த்தவை சோம்பல் முறித்துக்கொண்டு தாமதமாகக் கிளம்புகின்றன. பூசணிப்பூவோ உச்சி வெயிலுக்குள் வாயை மூடிக்கொள்கிறது. பெட்டி வாங்கும்போது மரமா தெர்மோகோலா என்பதற்கு முன்னால், வாசலை எந்தப் பக்கம் வைக்கலாம் என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்! நானும் தம்பியும் இதையே பேசிக்கொண்டு காலை நேரம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இனிமேல்தான் விஷயம். மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள். வயலின் மறுகோடியில் பூக்கள் உதிர்கின்றன. லாரி ஒரே இடத்தில் நிற்பதால் தேனீ அவ்வளவு தூரம் போகவில்லை போலிருக்கிறது. உங்கள் மனைவி பயந்துவிடக் கூடாது என்று தினமும் அவளுக்குத் தெரியாமல் பொறுக்கி மறைக்கிறேன். நீங்கள் நம்பி விட்டுப்போன பயிர் என் கையில் உதிர்வதைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை. ஆகவே என் முடிவு இது: எட்டுச் சட்டம் வைத்த, அடிப்பலகை உள்ள, இரண்டு பேர் தூக்கக்கூடிய தனித்தனிப் பெட்டிகள்தான் நமக்கு வேண்டும். வயலின் நான்கு பக்கமும் பிரித்து வைக்கலாம். நீங்களே பெட்டிக்காரரைக் கூப்பிட்டு, கொஞ்சம் கோபமாகவே பேசி, உடனே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

காலை உயர்த்தியே வையுங்கள். நர்சம்மாவுக்கும், பக்கத்துக் கட்டில்காரர் யாராக இருந்தாலும் அவருக்கும் என் விசாரிப்பைச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டு காலாலும் நடந்து வீடு வந்துசேர மனதார வாழ்த்தும்,

மாமனார்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உங்கள் மனைவி வந்து என் மடியில் இருந்த பூக்களைப் பார்த்துவிட்டாள். "என்னப்பா இது, ஆம்பளப் பூவா பொறுக்கிட்டிருக்க?" என்றாள். பூசணியில் ஆண்பூ ஒரே நாள்தான் இருக்குமாம். உதிர்வதுதான் அதன் வேலையாம். கையைப் பிடித்து மறுகோடிக்குக் கூட்டிப்போய் இலையை விலக்கிக் காட்டினாள். கைமுட்டி அளவு பிஞ்சு! பக்கத்துக் கொடியில் இன்னொன்று, அதற்கு அப்பால் இன்னொன்று. அவள் நிறுத்தச் சொல்லும் வரை இலை இலையாக விலக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். தனிப்பெட்டி வேண்டாம். பெட்டிக்காரரிடம் கோபப்படவும் வேண்டாம். லாரி நிற்கிற இடத்திலேயே நிற்கட்டும். பெட்டி மாறினால் ஊருக்குப் போகலாம் என்று நம்பிச் சட்டை துவைத்துப் போட்ட தம்பிக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் ஏற்கெனவே உடம்பு முடியாதவர். ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்காமல் நேராக இந்தப் பின்குறிப்புக்கு வந்துவிடுங்கள்.