ஜெராக்ஸ் கடை அசல்

கல்வராயன் மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் எங்கே தேடினாலும், நகல் எடுத்தே சோறு தின்றுகொண்டு நகலை அவ்வளவு கேவலமாகத் திட்டிய மனிதர் இன்னொருவர் கிடைக்க மாட்டார். கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார் அசல். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்கள் அவை. ஊரே சாதிச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அவர் கடை வாசலில் நின்றது. எல்லோரிடமும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அசல் எங்க?" நகலுக்கு நகல் கேட்டு வந்தவனை, "போய் அசலை எடுத்துகினு வா, இல்லாட்டி வூட்லயே இரு" என்று விரட்டுவார். 'அசல்' என்ற பேர் அப்படித்தான் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய சொந்த ஊரான நைனார்பாளையத்தில் யாருக்காவது தெரிந்திருக்கலாம்.

கடைக்காரராக அவர்மேல் எனக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. பியானோ விஷயத்தில்தான்.

கள்ளக்குறிச்சியில் பியானோவா என்று கேட்காதீர்கள். இருந்தது. மிஷன் பள்ளிக்கூட ஹாலில் ஒன்றே ஒன்று, எப்போதும் பூட்டியபடி. சாவி, பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரியான சிஸ்டரிடம். அவரிடம் பியானோ படித்தவர்கள் ஊரிலேயே இரண்டு பேர்தான். ஒருவன், பி.எஸ்ஸி. முடித்துவிட்டு விரலைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்த நான். இன்னொருவர், என்னைவிடப் பத்து வயது மூத்த, நத்தை வேக அசல்.

நியாயமாக ஊர் என்னைப் பார்த்துத்தான் வாய் பிளந்திருக்க வேண்டும். ஆனால் அசலிடம் ஒரு புத்தகம் இருந்தது. கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சான் ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்தது. சாம்பல் கலந்த நீல அட்டை, தடித்த தாள், உள்ளே சொனாட்டா என்கிற பியானோ உருப்படிகள். நம் பண்டிதர்கள் ஏட்டுச்சுவடிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு பாடபேதம் பார்த்துப் பதிப்பிப்பார்களே, அந்த மாதிரிப் பதிப்பு அது. இசையை எழுதியவரின் கையெழுத்துப் பிரதியையும் அவர் காலத்து முதல் அச்சையும் ஒப்பிட்டு, பின்னால் வந்த வாத்தியார்கள் இஷ்டத்துக்குச் சேர்த்த குறிகளையெல்லாம் களைந்து, சந்தேகமான இடங்களில் அடிக்குறிப்பும் போட்டிருந்தார்கள்.

அந்த அடிக்குறிப்புகள்தான் மனிதரைக் கெடுத்தன. அசல் எதையும் கடைசிவரை வாசித்து நான் கேட்டதில்லை. பாதியில் கையைத் தூக்கிவிடுவார்.

"இன்னாண்ணே, நின்னுட்டீங்க?"

"இங்க கையெழுத்துல ஒண்ணு இருக்குது, அச்சுல வேற ஒண்ணு இருக்குது தம்பி. எதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணல."

"ஏதாவது ஒண்ண வாசிச்சுட்டுப் போங்களேன்."

"ஏதாவது ஒண்ணா? தாலி கட்டற எடத்துல ஏதாவது ஒரு பொண்ணுன்னு சொல்லுவியா நீ?"

சிஸ்டரோ அவர் நின்றதற்காகவே அவரைப் பாராட்டுவார். நான் மூச்சு வாங்க முடித்தால், "ம், வேகம்" என்பார். எனக்கு எரியாமல் என்ன செய்யும்? புத்தகத்தை ஒரு நாள் இரவல் கேட்டேன். தரவில்லை. கெஞ்சிக் கூத்தாடியதில், நான் வாசிக்க வேண்டிய பக்கங்களை மட்டும் தம் மிஷினில் நகல் எடுத்துக் கொடுத்தார், கிட்னியைத் தானம் கொடுக்கிற முகத்தோடு.

அப்போதுதான் சிஸ்டருக்கு மலைமேல் கரியாலூருக்கு மாற்றல் வந்தது. போகுமுன் சாவியை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். பாண்டிச்சேரியில் நடக்கும் பியானோ பரீட்சையில் யார் அதிக மார்க் வாங்குகிறாரோ அவருக்குச் சாவி என்று சொல்லிவிட்டார். தோற்றவன் சாப்பாட்டு மேஜையில் விரல் தட்டிக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டியதுதான்.

பரீட்சை அன்று மறியல். பஸ் ஓடவில்லை. அசல் தம் மொபெட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை. தியாகதுருகத்தை நெருங்கும்போது ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அதன்மேல் வரிசையாக ஆட்கள்.

"எங்க போய்க்கினு இருக்கீங்க?" என்றார் தலையில் துண்டு கட்டியிருந்த தலைவர்.

"பரீட்சைக்குங்க" என்றேன்.

"எங்க புள்ளைங்க படிப்புக்கும் வேலைக்கும்தான் இந்த மரமே இங்க கெடக்குது. பையில இன்னா?"

அசலிடம் போய் இப்படிக் கேட்கலாமா? வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீலப் புத்தகத்தை எடுத்தார். எழுதியவர் யார், நடுவில் புகுந்தவர்கள் யார், எதை எதைச் செருகினார்கள் என்று ஆரம்பித்தார். வெயில் ஏற ஏறக் குரலும் ஏறியது. மரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி அவரைச் சுற்றிக் குந்திவிட்டார்கள்.

"இருங்க" என்றார் தலைவர். "எழுதுனவரு ஒண்ணு எழுதுனாரு. நடுவுல வந்தவனுங்க இஷ்டத்துக்கு மாத்திக்கினானுங்க. அப்பிடித்தானே?"

"அதேதாங்க."

"யோவ், நம்ம கதையேதான்யா! மேல ஒண்ணு எழுதறான், நம்ம கைக்கு வரசொல்ல வேற ஒண்ணா வருது!"

கைதட்டல்! பியானோவில் ஒரு சுரம்கூடத் தொடாமல் வாங்கிய கைதட்டல். எனக்குப் பொறுக்குமா? "எங்கிட்டயும் இருக்குதுங்க" என்று என் நகலை நீட்டினேன். தலைவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, உன்துல மேல புள்ளி ஜாஸ்தியா இருக்குது, அவருதுல கம்மியா இருக்குது. இன்னா சமாச்சாரம்?"

சுரத்தின் தலைமேல் புள்ளி இருந்தால் அதை நீட்டாமல் வெடுக்கென்று வெட்டி வாசிக்க வேண்டும். அப்படித்தான் நானும் மாதக்கணக்காகக் குதித்துக் குதித்து வாசித்து வந்தேன். அசல் குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"அது எம் மிஷின் கண்ணாடியில இருந்த தூசுங்க."

சிரித்த சிரிப்பில் வெட்டிப்போட்ட மரம் மறுபடி எழுந்து நின்றிருக்கும். நான் இத்தனை நாளும் வாசித்தது தாலுகா ஆபீஸ் ரோட்டுப் புழுதியை!

அவ்வளவு ரசித்துக் கேட்டவர்கள் வழி மட்டும் விடவில்லை. ஆளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

பரீட்சை போய்விட்டதால் ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரே எங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முதலில் அசல். அன்றைக்கு அவர் வாசித்த அழகைச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். ஒவ்வொரு சுரமும் கழுவித் துடைத்து வைத்ததுபோல் வந்தது. அந்தச் சந்தேக இடம் நெருங்கியது. நிற்கட்டும், நிற்கட்டும் என்று கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். கையைத் தூக்கினார். சிஸ்டர் காத்திருந்தார்.

"இன்னும் முடிவு பண்ணல சிஸ்டர்" என்று எழுந்துவிட்டார்.

அடுத்து நான். புள்ளிகளை விட்டுவிட்டு வாசிக்கத்தான் பார்த்தேன். விரல் கேட்டால்தானே? தூசி மொத்தமும் துள்ளியது. ஆனால் முடித்தேன். "முடிக்கிறவன் கையில இருக்கட்டும்" என்று சிஸ்டர் சாவியை என்னிடம் கொடுத்தார். அசலின் முகத்தில் கடுகளவாவது பொறாமை தெரிகிறதா என்று தேடினேன். இல்லை. அதற்கும் அவர்மேல் பொறாமைப்பட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கடையை மூடிவிட்டு நேராக ஹாலுக்கு வந்தார். பூட்டைத் திறந்துவிட்டேன். புத்தகத்தை விரித்து ஒரு பக்கத்தின் அடியைக் காட்டினார். ஜெர்மன் அடிக்குறிப்புக்குக் கீழே, பென்சிலில், பொடி எழுத்தில்: 'கள்ளக்குறிச்சிப் பாடம்: இங்கே புள்ளிகள் உண்டு.'

"இன்னாண்ணே இது? தூசுன்னீங்களே!"

"தூசுதான். ஆனா நேத்து நீ வாசிக்கசொல்ல நல்லா இருந்துச்சு. நல்லா இருந்தா எழுதி வெக்கணுமில்ல?"

வேலை கிடைத்து நான் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை தினமும் வந்தார். தினமும் அதே இடத்தில் நின்றார். என்றைக்காவது முடிவு பண்ணிவிடப் போகிறாரே என்றுதான் எனக்குக் கவலை. முடித்துவிட்டால், மறுநாள் எதற்கு வருவார்?