வரவேற்பறையில் அருவி இறக்கிய படலம்

பல் உடையோரே, பல் இழந்தோரே, கட்டுப்பல்லைக் கிண்ணத்தில் ஊறப்போட்டுவிட்டு உறங்கச் செல்வோரே, அனைவரும் செவிசாய்ப்பீராக. கடைவாய்ப்பற்களின் காலன், சொத்தைக் குலத்தைத் துளைத்தெடுத்த சூரன், வலக்கையில் குறடும் இடக்கையில் குட்டிக் கண்ணாடியும் ஏந்திய வெண்கோட்டு வேந்தன், மாடிப்படி ஏறியதும் இடப்புறம் இருக்கும் பல் மருத்துவமனையின் ஏக அதிபதி, ஒரு முற்பகலில் கண்ணாடிப் பெட்டி ஒன்றோடு பொருத வரலாறு இது.

அரண்மனை சிறியது. காத்திருப்போர் அமர ஓர் அறை, பிடுங்கப்படுவோர் படுக்க ஓர் அறை. வாயிலில் மேசை போட்டு, அமைச்சும் படைத்தலைமையும் வாயிற்காவலும் ஒருங்கே பூண்டு வீற்றிருந்தவர் வேந்தரின் மனைவியார். உள்ளறையில் துளைக்கருவி ஒருமுறை உறுமினால் போதும், வெளியறையில் முகங்கள் வெளிறும். வீரர் எனத் தம்மை எண்ணியிருந்தோர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் படியிறங்கி மறைவர். இவ்வாறு புறமுதுகிடுவோர் நாளும் பெருகக் கண்டு உளம் நொந்திருந்த வேந்தர், நீர் விழும் ஓசை நெஞ்சின் நடுக்கத்தைத் தீர்க்கும் என்று எங்கோ படித்தார். படித்த மாத்திரத்தில், டெரேரியம் என்று கடைக்காரர் விற்கும் கண்ணாடித் தோட்டம் ஒன்றை வாங்கிவந்து காத்திருப்போர் நடுவே நிறுத்தினார். அதன் மூலையில் சாண் உயரக் குன்று; குன்றின் உச்சியிலிருந்து உள்ளங்கை அகலக் குளத்தில் விழப்போகும் அருவி; விழுந்த நீரை மீண்டும் குன்றேற்றக் கட்டைவிரல் பருமனில் ஒரு மோட்டார்.

"இன்று முதல் இவ்வறையில் அச்சம் இல்லை. அருவி உண்டு," என்று முழங்கினார் வேந்தர். அங்கிருந்த பள்ளி வேன் ஓட்டுநரும், பல்லுக்குக் கம்பி கட்டியிருந்த கல்லூரிப் பெண்ணும், அவள் தாயாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

"ஏங்க, உள்ள பாட்டு வாத்தியாருக்கு ஊசி போட்டு உக்கார வச்சிருக்கீங்க. வாய் மரத்துப்போச்சாம். அவர் பல்லை எடுத்துட்டு வந்து இதைப் பாருங்களேன்," என்றார் மனைவியார்.

"அஞ்சே நிமிஷம்."

பேரழிவுகள் பலவும் இச்சொல்லில்தான் தொடங்குகின்றன.

செடியின் வேர் தேங்கிய நீரில் நின்றால் அழுகும். ஆகவே மண்ணுக்கு அடியில் கூழாங்கல்லைத் தடிமனாகப் பரப்பி, வடியும் நீர் கல்லிடுக்கு வழியே குளத்தைச் சேரும்படி செய்ய வேண்டும். வடிகால் அடுக்கு எனப்படும் இவ்வடித்தளத்தை அமைக்கத் தரையில் மண்டியிட்டார் வேந்தர். அள்ளினார், கொட்டினார், நிரவினார். மலையைப் பெயர்த்துக் கடலைத் தூர்ப்பவர்போல் மூச்சிரைத்தார். கல்லின் மீது கருமண்ணைச் சாய்க்க அவர் கை ஓங்கியபோது, மேசையிலிருந்து அமைச்சரின் குரல் மறுபடி எழுந்தது.

"கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவுல ஏதோ வலை விரிக்கணும்னு கடைக்காரர் சொன்னாரே."

"வேரைப் பத்தி எனக்கே பாடமா? காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வேரோடதான் மல்லுக்கட்டுறேன்."

மண் விழுந்தது. பாசி படர்த்தப்பட்டது. பெரணிச்செடி நடப்பட்டது. மோட்டார் முனகியது. அருவியும் விழுந்தது. ஆயின் அந்தோ, வலை காணாத கருமண் கல்லிடுக்குகளில் கள்வர் கூட்டம்போல் நுழைந்து, குளத்தைக் கைப்பற்றி, குன்றின் உச்சிவரை ஏறி, ஆறிப்போன காப்பி நிறத்தில் கொட்டியது. பெரணி ஒருக்களித்துப் படுத்தது.

"எங்க வீட்டுக் குழாய்லயும் இந்தக் கலர்லதான் வருது டாக்டர்," என்று ஆறுதல் சொன்னார் வேன் ஓட்டுநர்.

அந்த ஆறுதல் வேலாய்ப் பாய, வெகுண்டெழுந்த வேந்தர் தம் ஆயுதங்களில் தலையாயதை நினைத்தார். நோயாளியின் வாயில் ஊறும் எச்சிலை ஓயாது உறிஞ்சும் குழாய் அது. உள்ளறை நாற்காலியோடு பிணைந்திருப்பது, வெளியறைக்கு எட்டாது. ஆகவே சேறு ததும்பும் பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிச் சென்று, நாற்காலியில் சாய்ந்து கிடந்த பாட்டு வாத்தியாரின் மடியிலேயே இறக்கினார்.

"ஆக்கர், இயு எயுக்கு?" என்றார் வாத்தியார். டாக்டர், இது எதற்கு என்பது பொருள்.

"ஆடாம பிடிச்சுக்கங்க."

குழாய் சேற்றைக் குடித்தது. களிறு குளத்தில் இறங்கிக் குடிப்பதுபோல் ஆரவாரித்துக் குடித்தது. பிறகு பட்டாணி அளவுக் கூழாங்கல் ஒன்று தொண்டையில் சிக்க, மெல்ல விசிலடித்து உயிர்விட்டது. வேந்தர் கலங்கினாரா? இல்லை. பல் பிடுங்கும் குறடு ஒன்றைக் கையில் எடுத்தார். சேற்றில் புதைந்த கற்களை, ஒவ்வொன்றும் ஒரு கடைவாய்ப்பல் என்னும் பாவனையில், அசைத்து, திருகி, பிடுங்கிப் பிடுங்கித் தட்டில் இட்டார். அவர் வாழ்நாளில் அத்தனை பொறுமையாக எவர் வாயிலும் பிடுங்கியதில்லை.

"டாக்டர்," என்றார் வாத்தியார், இம்முறை திருத்தமாக. "மரப்பு விட்டுடுச்சு. நல்லா வலிக்குது."

"இன்னொரு ஊசி போட்டுடலாம்," என்று சொல்லி, போட்டும் விட்டு, பெட்டியை மீண்டும் வெளியறைக்கே தூக்கிவந்து இறக்கிவிட்டு, வேந்தர் கற்களைக் கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது, சன்னலுக்கு அடித்த கொசுவலையில் மிஞ்சிய துண்டு ஒன்று பெட்டியின் அளவுக்கு வெட்டப்பட்டு விளிம்பில் கிடந்தது. மனைவியார் மேசையில் அமர்ந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். வேந்தர் வலையைத் தூக்கிப் பார்த்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பின் அவையோர் கேட்க அறிவித்தார்: "கல்லுக்கும் மண்ணுக்கும் இடையே வலை வேண்டும் என்று யாம் கண்டறிந்தோம்." மனைவியார் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு, "கண்டீங்க, கண்டீங்க," என்றார்.

இரண்டாம் முறை கல் விரிந்தது; கல்லின்மேல் வலை விரிந்தது; வலையின்மேல் கரித்தூளும் மண்ணும் படிந்தன; பெரணி நிமிர்ந்தது. விசை தட்டப்பட்டதும், பளிங்கைப் பொடித்துப் பாலில் குழைத்து நூலாய்த் திரித்தாற்போன்ற தெள்ளருவி, குன்றின் நெற்றியிலிருந்து நழுவி, பாசி தழுவி, குளத்தில் சலசலத்தது. உள்ளறையிலிருந்து கன்னத்தைப் பிடித்தபடி வாத்தியாரும் வந்து நின்றார். நீரோசை ஒன்றே அறையை ஆண்டது.

சட்டை முழுதும் சேறாக, முழங்கால் இரண்டும் ஈரமாக, வேந்தர் தம் குடிகளை நோக்கினார். கல்லூரிப் பெண் கண்களை இறுக மூடியிருந்தாள். அமைதியில் ஆழ்ந்தாள் என மகிழ்ந்தார். அவள் தாயார் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தார். அருவியின் அழகு அவரை ஈர்த்தது என வியந்தார். வேன் ஓட்டுநர் கால்மேல் கால் போட்டு, அதையும் மாற்றிப் போட்டு, மேற்கூரையைப் பார்த்து மூச்சை அடக்கினார்; அவருக்கு யோகநிலை வாய்த்தது என வேந்தர் சிலிர்த்தார். மரத்த வாயால் ஏதோ சொல்ல முயன்று, ஒற்றைக்காலில் நின்று தவித்த வாத்தியாரின் விழியோரத்தில் துளிர்த்த நீரைக் கண்டு, நன்றியில் கசிந்த கண்ணீர் அது என்றே உறுதிபூண்டு, வெற்றிக்களிப்பில் இரு கைகளையும் விரித்து நின்றார் அந்த வெண்கோட்டு வேந்தர்.

எல்லாருக்கும் ஒன்றுக்கு வந்துவிட்டது.